மிளகு மணக்கும் திராட்சை

நாசிக்கில் ஒரு சனி, ஞாயிறு: ஒயின் தோட்டம், மிசல், கூடவே ஒரு கம்பத்து விவசாயி

அண்ணன் குனிந்து ஒரு திராட்சைக் குலையை உள்ளங்கையில் ஏந்தினார். கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் என் பெரியம்மா மகன். குலையைக் கையில் வாங்கினால் தராசு இல்லாமலே எடை சொல்லிவிடுவார்.

"என்னம்மா இது? நூத்தம்பது கிராம் தேறாது போல. ஒவ்வொரு பழமும் சுண்டைக்காய் கணக்கா இருக்கு. இதை நம்பியா இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியிருக்காங்க?"

நாசிக் நகரத்துக்கு மேற்கே, கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் ஓர் ஒயின் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். பிப்ரவரி மாதச் சனிக்கிழமை, காலை பத்தரை மணி. வெயில் ஏறத் தொடங்கியிருந்தாலும் காற்றில் இரவின் குளிர் மிச்சமிருந்தது. எங்களைச் சுற்றிக் காட்ட வந்த இளைஞர் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் குலையோடு படம் எடுப்பார்கள். எடை பார்க்கிறவரை அவர் பார்த்திருக்க மாட்டார்.

மும்பை முலுண்டில் நான் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். நாசிக் இங்கிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம். கசாரா மலைப்பாதை ஏறி இகத்புரியைத் தாண்டிவிட்டால் மும்பையின் புழுக்கம் விட்டுப்போகும். அலுவலகத் தோழிகளோடு ஐந்தாறு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நேராகச் சுவைக்கூடத்துக்குப் போய், ஐந்து ஒயினை வரிசையாகக் குடித்துப் பார்த்து, அணைக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்குவதைப் படம் எடுத்துத் திரும்பியிருக்கிறேன். கொடியை ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. வீட்டு விசேஷத்துக்கு வந்த அண்ணனை, "உங்க பயிர்தான், வந்து பாருங்க" என்று கூட்டிப் போனது இந்த முறைதான். ஒயின் தோட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் கொடியைப் பார்க்க வேண்டும், கோப்பை அப்புறம் என்பது அவரோடு நடந்த இரண்டு நாளில் எனக்குப் புரிந்தது.

பந்தல் இல்லாத கொடி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை என்றால் பந்தல். தலைக்கு மேலே கம்பி வலை, அதில் இலைக் கூரை, நிழலில் நின்று அண்ணாந்து பார்த்தால் குலைகள். இங்கே அப்படி இல்லை. வேலி போட்டது மாதிரி வரிசை வரிசையாகக் கம்பி கட்டி, கொடியை நிமிர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். குலைகள் இடுப்புக்குக் கீழே தொங்குகின்றன, இலையெல்லாம் மேலே.

"பழத்துல நேரா வெயில் படுதே, வெம்பாதா?" என்றார் அண்ணன். நான் இந்தியில் கேட்டுச் சொன்னேன். காற்றும் வெளிச்சமும் குலைக்குள் போக வேண்டும், ஈரம் நிற்கக் கூடாது, அதற்காகத்தான் இந்த அமைப்பு என்றார் இளைஞர். மதிய வெயில் விழும் பக்கத்தில் மட்டும் இலையை விட்டுவைப்பார்களாம். "அடிச்சாம்பல் நோய்க்கு நல்லது" என்று அண்ணன் தனக்குள் சொல்லிக்கொண்டார். பந்தலுக்கு அடியில் மருந்து அடித்து அடித்துத் தோள் வலித்தவருக்கு அது உடனே விளங்கியது.

நாசிக் மாவட்டத்தில் பெரும்பாலான திராட்சை, சாப்பிடும் பழம்தான். நிபாட், திண்டோரி பக்கம் போனால் தாம்ப்சன் வகை, விதையில்லாப் பச்சைத் திராட்சை கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அதில் ஏக்கருக்குப் பத்து டன் எடுப்பது விவசாயிக்குச் சாதாரணம். ஒயின் திராட்சையில் நான்கு, ஐந்து டன்னோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிகம் காய்த்தால் பிஞ்சிலேயே குலைகளை வெட்டிக் கீழே போட்டுவிடுவார்கள். இதைக் கேட்டதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. காய்த்ததை வெட்டி எறிவதை எந்த விவசாயியால் தாங்க முடியும்? ஆனால் காரணம் இருக்கிறது. ஒயினின் நிறமும் துவர்ப்பும் வாசனையில் பெரும்பங்கும் தோலில் இருந்து வருகின்றன. பழம் சின்னதாக இருந்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். குலை குறைந்தால் இருக்கிற பழத்தில் சர்க்கரை ஏறும்.

இளைஞர் ஒரு பழத்தை நசுக்கி, கைக்கு அடக்கமான கருவி ஒன்றின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தார். ஒற்றைக் கண்ணால் அதற்குள் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு, பக்கத்தில் எண்கள். 'பிரிக்ஸ்' என்று நாசிக் விவசாயிகள் அத்தனை பேரும் சொல்வது இந்த எண்ணைத்தான். 21க்குக் கொஞ்சம் மேலே நின்றது. 23 வந்தால் வெட்டுவார்களாம். ஆலைகள் விவசாயிக்குக் கொடுக்கும் விலை இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். அண்ணன் ஒரு பழத்தை வாயில் போட்டு, விதையை உள்ளங்கையில் துப்பி எண்ணினார். மூன்று. "தோல் தடிமன், விதை பெருசு, இனிப்பு மட்டும் கரும்பு கணக்கா" என்றார்.

அடுத்து அவர் கேட்டது எனக்குத் தோன்றவே தோன்றியிராத கேள்வி. "கம்பெனிக்காரன் வாங்கலைன்னா இந்தப் பழத்தை எந்தச் சந்தையில விக்கிறது?"

எந்தச் சந்தையிலும் விற்க முடியாது. சிறிய பழம், தடித் தோல், விதை. தள்ளுவண்டியில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒப்பந்தம் ஒன்றுதான் பிடி. 2008, 2009 வாக்கில் உலகப் பொருளாதாரச் சரிவு, மும்பைத் தாக்குதலுக்குப் பின் விடுதிகளில் கூட்டம் குறைந்தது, ஆலைகளில் சரக்கு தேங்கியது என்று எல்லாம் சேர்ந்து வந்தபோது, மகாராஷ்டிரத்தில் பல விவசாயிகள் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் பழைய விதையில்லாத் திராட்சைக்கே திரும்பினார்கள். பிடுங்கிய நிலத்தில் மறுபடி கொடி வைத்துப் பலன் காண இரண்டு, மூன்று வருடம் ஆகும். சுவைக்கூடத்தின் மங்கல் வெளிச்சத்தில் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கத்தரிக்கோல் வைத்த பருவம்

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் விழிக்கும். ஆகஸ்டில் இருந்து அக்டோபருக்குள் அறுவடை. நம் நாட்டு வெப்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது; விட்டால் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மகாராஷ்டிரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை கொடியை வெட்டிவிடும் கவாத்து. ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கிளை உருவாக. மழைக்காலம் முடிந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அது காய்க்க. அறுவடை ஒன்றுதான், ஜனவரியில் இருந்து மார்ச் வரை. கம்பத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருக்கும் என்பதால் அண்ணனுக்கு இந்த ஒற்றை அறுவடைக் கணக்கு விசித்திரமாக இருந்தது.

ஏன் இங்கே, ஏன் இந்த மாதங்கள்? நாசிக் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். பகல் வெயில் சர்க்கரையைக் கூட்டும், இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். புளிப்பு போய்விட்டால் ஒயின் வெறும் சர்பத். அதனால் விடிவதற்கு முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பழம் வெட்டுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் குலைகள் குளிர் அறைக்குப் போய்விட வேண்டும்.

இந்திய ஒயினின் கதை இன்னும் கொஞ்சம் முன்னால் போகிறது. 1980களில் புணே பக்கம் நாராயண்காவில் ஷாம் சௌகுலே குமிழி ஒயின் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். பெங்களூரு பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் பிரெஞ்சு வகைகளை நட்டார். நாசிக்கின் கதை 1990களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் மென்பொருள் நிறுவன வேலையை விட்டுவந்த ராஜீவ் சாமந்த், குடும்ப நிலத்தில் மா, ரோஜா என்று முயன்று பார்த்துவிட்டு ஒயின் திராட்சைக்கு வந்து சேர்ந்தார். அம்மா சுலபாவின் பெயரில் இருந்து 'சுலா'. 2000த்தில் முதல் புட்டிகள் கடைக்கு வந்தன. 2001ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச்சலுகை கொடுத்தது. விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைந்தது. 2005ல் சுலா தன் சுவைக்கூடத்தைத் திறந்தது. ஆலைக்குள் வாடிக்கையாளரை விட்டு ஊற்றிக் கொடுப்பது அன்று இந்தியாவுக்குப் புதிது. இன்று யார்க், சோமா, வல்லோன், திண்டோரியில் ஷாண்டோன் என்று சுற்றிப் பார்க்க ஆலைகளுக்குக் குறைவில்லை.

தேறல்

ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் பிடிப்பது வாசனை. ஆப்பத்துக்கு மாவு பொங்கியிருக்கும் காலை வேளையில் அடுக்களையில் வருமே, அந்த ஈஸ்ட் வாசனையோடு பழச்சாறு கலந்தது. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு எஃகுத் தொட்டிகள். அவற்றின் வெளிச்சுவருக்குள் குளிர்நீர் ஓடுகிறது. தொட்டியில் கை வைத்துப் பாருங்கள் என்றார் இளைஞர். வெள்ளை ஒயின் புளிக்கும் தொட்டி ஜில்லென்று இருந்தது. சிவப்பு ஒயின் தொட்டி கொஞ்சம் வெதுவெதுப்பு. வெள்ளைக்கு முதலில் பிழிந்து, சாற்றை மட்டும் புளிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடு சேர்த்துப் புளிக்கவிட்டுப் பிறகு பிழிகிறார்கள். கறுப்புத் திராட்சையிலும் உள்ளே சாறு நிறமற்றதுதான்.

புளித்து முடிந்ததும் ஈஸ்டும் கசடும் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு தொட்டிக்கு இறுத்துவிடுவார்கள். இதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சொல் தட்டியது: தேறல். தேறியது, தெளிந்தது, அதனால் தேறல். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கலத்தில் வந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகுவதைப் பாடுகிறார். அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த இரட்டைக் கைப்பிடி ரோமானிய மது ஜாடிகளின் உடைசல்கள் அந்த வணிகத்துக்குச் சாட்சி. கசடில் இருந்து தெளிவைப் பிரித்தெடுக்கும் செய்முறையையே பெயராக வைத்த மொழி நம்முடையது. பாட்டில் படித்த சொல்லை எஃகுத் தொட்டியின் குழாய்முனையில் கண்ணால் பார்த்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

குமிழி ஒயினில் இந்தத் தெளிவு வேலை இன்னும் நுட்பமானது. புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்க விடுகிறார்கள். வெளியேற வழியில்லாத வாயு கரைந்து நிற்கும். உள்ளே அழுத்தம் ஐந்து, ஆறு வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். புட்டியை மெல்ல மெல்லத் திருப்பித் தலைகீழாக்கினால் கசடு கழுத்தில் வந்து தங்கும். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால் கசடு ஒரு பனிக்கட்டித் தக்கையாகத் தெறித்து வெளியே வந்துவிடும். பிறகு தக்கை போட்டுக் கம்பியால் கட்டுகிறார்கள்.

மோந்து பார்த்தவர்

சுவைக்கூடத்தில் எனக்கு ஐந்து கோப்பை வைத்தார்கள். "எனக்குப் பழக்கமில்லை. மோந்து பாக்கலாம்ல?" என்றார் அண்ணன். ஊற்றிக் கொடுத்த பெண் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்தார். ஒயினைச் சுவைத்துத் தரம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் பாதி வேலையை மூக்கால்தான் செய்கிறார்கள், வாயில் வைத்ததைத் துப்பிவிடுகிறார்கள், அதற்குத்தான் மேசையில் அந்த வாளி என்றார்.

சாவிஞான் பிளாங்க். "கொய்யாக்கா. இல்ல, குடைமிளகாய நறுக்குன வாசம்." அந்தப் பெண் தலையாட்டினார். செனின் பிளாங்க். "தேன். கனிஞ்ச அன்னாசி." அடுத்து ஷிராஸ், கருஞ்சிவப்பு. கோப்பையை ஒருமுறை சுழற்றி மூக்கருகே கொண்டுபோனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மிளகும்மா. குமுளியில மிளகு மூட்டையைப் பிரிச்சா வருமே, அதே வாடை."

நானும் மோந்து பார்த்தேன். பழம் வந்தது, மரப்பீப்பாயின் வெனிலா வந்தது, மிளகு வரவில்லை. ஐந்தாறு முறை வந்து போனவள் நான். கற்பனை செய்கிறார் என்றுகூட நினைத்தேன். அன்றிரவு அறையில் உட்கார்ந்து தேடிப் படித்தால், அவர் சொன்னது அச்சு அசலான உண்மை. ரோட்டண்டோன் என்று ஒரு வேதிப்பொருள். கருமிளகுக்கு அந்த வாசனையைக் கொடுப்பது அதுதான்; ஷிராஸ் திராட்சையின் தோலிலும் அதே பொருள் இருக்கிறது. 2008ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி அதில் 16 கூறு ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் இருந்தால் போதும், மனித மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அதைப்போல் பல மடங்கு இருந்தாலும் அந்த வாசனை எட்டாது. நான் அந்த ஐந்தில் ஒருத்தி போலும்.

முசிறிக்கு யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கோடியில் மிளகுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த ஒருவர், அதே மலைத்தொடரின் வடக்குப் பகுதியில் விளைந்த ஒரு திராட்சைக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல்.

தட்டில் என்ன

நாசிக் போனால் காலைச் சாப்பாடு மிசல். இதில் பேச்சுக்கே இடமில்லை. சனிக்கிழமை தோட்டத்துக்குப் போகும் முன்னால் விறகடுப்பு மிசல் போடும் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். முளைகட்டிய மட்கிப் பயறு, மேலே காராசேவு கலவை, வெங்காயம், எலுமிச்சை, ஓரத்தில் தயிர், ஒரு சுட்ட அப்பளம், வெண்ணெய் மாதிரி மெத்தென்ற பாவ். தனிக் கிண்ணத்தில் சிவந்த எண்ணெய் மிதக்கும் ரஸ்ஸா. கொப்பரையையும் வெங்காயத்தையும் கருகும் பதத்துக்கு வறுத்து அரைத்த காரம், அதில் விறகுப் புகை. கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். "நம்ம சால்னாவுக்குப் பங்காளி" என்று சொல்லி அண்ணன் நான்காவது பாவ் வாங்கினார். நாசிக்கில் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே மேசை போட்டு மிசல் பரிமாறும் இடங்களும் உண்டு.

மதியச் சாப்பாட்டில்தான் அடிபட்டோம். ஒரு பெரிய ஆலையின் உணவகத்துக்கு முன்பதிவு செய்யாமல் போய்விட்டேன். ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு, அப்புறமும் கிடைத்தது ஆறிப்போன பீட்சா. ஞாயிற்றுக்கிழமை பாடம் கற்றுக்கொண்டு, சிறிய ஆலை ஒன்றில் முதல் நாளே சொல்லிவைத்தோம். அணைநீர் தெரியும் திண்ணை, நான்கே மேசை. கொத்தமல்லி வடியும் ஜவ்வரிசி வடையும் சுடச்சுட வந்தன. நான் குமிழி ஒயின் எடுத்துக்கொண்டேன். எண்ணெய்ப் பலகாரத்துக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. குமிழியும் புளிப்பும் நாக்கில் படிந்த எண்ணெயைத் துடைத்துவிடுகின்றன, அடுத்த வடை முதல் வடையைப் போல ருசிக்கிறது. நம் வீட்டு உளுந்து வடைக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்வேன்.

சிவப்பு ஒயினைக் காரத்தோடு சேர்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கம்பு ரொட்டியான பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் வந்தபோது கூடவே பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த தேச்சா வந்தது. ஒரு விரல் தேச்சா, ஒரு வாய் ஷிராஸ். வாய் பற்றி எரிந்தது. துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தைக் கிளறிவிடும். அதே தேச்சாவுக்குக் குளிர்ந்த செனின் பிளாங்க் குடித்தபோது அதில் இருந்த இலேசான இனிப்பு காரத்தைத் தணித்து, பூண்டின் ருசியை மேலே கொண்டுவந்தது. காரச் சாப்பாட்டுக்கு இனிப்பு நின்ற வெள்ளை, குளிரவைத்தது. நம் சமையலுக்கு இந்த ஒன்று தெரிந்தால் போதும்.

கிளம்புவதற்கு முன்

ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் போங்கள். குலை கொடியில் இருக்கும், ஆலையில் வேலை நடக்கும், சில இடங்களில் தொட்டியில் இறங்கிப் பழம் மிதிக்கவும் விடுவார்கள். ஆடி, ஆவணியில் மலையெல்லாம் பச்சையாக இருக்கும், அது வேறு அழகு, ஆனால் கொடியில் பழம் இருக்காது. குடியரசு தினத்தோடு சேர்த்து நீள விடுமுறை போடுபவர்கள் ஜனவரி 26 அன்று மது விற்பனை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும். மூன்றாவதில் நாக்கு செத்துவிடும். காரை நீங்களே ஓட்டாதீர்கள். நாளைக்கு இவ்வளவு என்று பேசி உள்ளூர் ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து சின்னக் கோப்பை என்றாலும் குடித்தது குடித்ததுதான், அந்தச் சாலைகளில் கரும்பு டிராக்டரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிறார்கள். ஞாயிறு காலை பஞ்சவடியில் ராமகுண்டத்துக்கும், முடிந்தால் கோதாவரி பிறக்கும் திரியம்பகேஸ்வரத்துக்கும் போய்வரலாம். அண்ணன் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தோட்டம் சுற்றும்போது, கூட வருகிறவரிடம் இந்த வருடம் மழை எப்படி, விலை எப்படி என்று கேளுங்கள். மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தவர்கூட அந்தக் கேள்விக்கு நின்று பேசுகிறார். எங்களிடம் பேசியவர் கடைசியில் தன் அப்பாவின் நிலம் நிபாடில் இருப்பதையும், பருவம் தப்பிய ஆலங்கட்டி மழை ஒன்றில் அந்த வருட வெள்ளாமை மொத்தமும் போனதையும் சொன்னார். மொழி தெரியாத அண்ணன் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்கும் அது உண்டு. தேக்கடிக்கும் சபரிமலைக்கும் போகிறவர்கள் கம்பத்துப் பந்தலுக்குக் கீழே படம் எடுத்து, ஒரு பெட்டி பழம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களை உட்காரவைத்து ஒரு கவாத்துக் கத்தரிக்கோலைக் காட்டி, சாறு பிழிந்து கொடுத்து, மதியச் சோறு போட்டு அனுப்பலாமே என்று திரும்பும் வழியெல்லாம் அண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். இகத்புரி தாண்டுவதற்குள் மேசைக்கு எத்தனை இலை என்பதுவரை வந்துவிட்டது.

அவர் ஊருக்குப் போன அடுத்த வாரம், வாங்கி வந்த ஷிராஸ் புட்டியைத் திறந்தேன். ஒரு தட்டில் நாலு மிளகைத் தட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதை மோந்தேன், இதை மோந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் மருந்தடிக்கும் மோட்டார் சத்தம் கேட்டது.

"வாடை வந்துச்சா?" என்றார்.

"இல்லண்ணே."

"அவசரப்படாத. கோப்பையக் கையில கொஞ்ச நேரம் வெச்சிரு. சூடு ஏறட்டும்."